தரையில வாழற மீனு: உளுவையப் பத்தி கொஞ்சம் விலாவாரியா

ஞாயித்துக்கெழம காலையில கடலூர் முதுநகர்ல மீன் வாங்கப் போனா வஞ்சிரம், கொடுவா, சங்கரா எல்லாம் ஐஸ் மேல வரிசையா கெடக்கும், கூட்டமும் அங்கதான் இருக்கும். ஆனா ஓரமா சாக்கு விரிச்சு அலுமினியச் சட்டியில ஆத்து மீன் வச்சிக்கிட்டு ரெண்டு மூணு பேர் உக்காந்திருப்பாங்க பாருங்க, நான் நேரா அங்கதான் போவேன். கொஞ்சம் எறா, கொஞ்சம் கெளுத்தி, நடுவுல பழுப்பும் மஞ்சளுமா, வெரல் நீளத்துல இருந்து ஒரு சாண் வரைக்கும், தலைய மட்டும் யாரோ கட்டவெரலால அமுக்கிவிட்ட மாதிரி ஒரு மீனு கெடக்கும். அதான் உளுவை.

"அக்கா, உளுவ எங்க புடிச்சது?"

"உப்பனாத்துலதான் தம்பி. விடியக்காலம் வத்தத்துல எறங்கி தடவிப் புடிச்சது. பாரு, இன்னும் வாயத் தொறக்குது."

நெஜமாவே தொறந்துச்சு. கீழ்த்தாடை மேல்தாடையவிட முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கறதால, சும்மா கெடக்கும்போதே ஏதோ கோவமா இருக்கற மாதிரி ஒரு முகம் அதுக்கு. நான் அத வாங்கி கையில மல்லாக்கப் போட்டேன். எங்க வீட்ல இந்த மீன முப்பது வருஷமா சாப்பிடறோம், சாம்பல் போட்டு கல்லுல உரசி, மாங்காயக் கீறிப்போட்டு கொழம்பு வைக்கிறோம், ஆனா அதத் திருப்பிப் போட்டு வயித்துப் பக்கம் பாத்தது நான் கல்லூரியில உயிரியல் படிச்சப்பறம்தான். பாக்க வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு.

சாதாரணமா மீனுக்கு நெஞ்சுக்குக் கீழ ரெண்டு தனித்தனி துடுப்பு இருக்கும், நம்ம கெண்டையில பாத்தா தெரியும். உளுவைக்கு அந்த ரெண்டும் ஒண்ணா சேந்து ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி ஆயிருக்கும், முன்னாடி ஒரு மெல்லிசு சவ்வு கிண்ணத்தோட விளிம்பு மாதிரி குறுக்க ஓடும். உசுரோட இருக்கற மீன ஈரமான உள்ளங்கையில வச்சா லேசா இழுத்துப் புடிக்கறது தெரியும். இந்தக் கிண்ணத்த வச்சுத்தான் இந்த மீன் குடும்பத்தையே அடையாளம் சொல்றாங்க. கோபின்னு இங்கிலீஷ்ல சொல்ற இந்தக் கூட்டத்துல உலகம் முழுக்க கிட்டத்தட்ட ரெண்டாயிரம் இனம் இருக்கு, மீன் குடும்பங்கள்லயே ரொம்பப் பெரிய குடும்பங்கள்ல இதுவும் ஒண்ணு. நம்மூர் உளுவையோட அறிவியல் பேரு குளோஸ்ஸோகோபியஸ் ஜியூரிஸ். 1822ல பிரான்சிஸ் ஹாமில்டன்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர் கங்கைப் பக்கத்து மீனுங்கள வரிசையா எழுதி வச்சப்போ இதுக்கும் பேரு வச்சாரு. குளோஸ்ஸோன்னா நாக்கு, இதோட நாக்கு நுனி நடுவுல பொளந்து ரெண்டா இருக்கும், அதனால அந்தப் பேரு. வாயத் தொறந்து பாத்தீங்கன்னா உங்களுக்கே தெரியும்.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு வர்றேன். ஆறு நல்லா இருக்கா இல்லையான்னு நாம எல்லாரும் பாக்கறது தண்ணிய வச்சுத்தான். தண்ணி ஓடுதா, கலங்கலா இருக்கா, நாறுதா, அவ்வளவுதான். உளுவைக்கு ஆறுன்னா தண்ணி இல்ல, தரை. அதோட ஒடம்புல தலையில இருந்து வால் வரைக்கும் எதப் பாத்தாலும் தரையில வாழறதுக்குன்னு செஞ்ச மாதிரியே இருக்கும். அதனால ஆத்தோட தரையில என்ன நடக்குதுங்கறது மொதல்ல இதுக்குத்தான் தெரியும், நமக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்.

மொதல்ல மிதக்கறதப் பத்தி. பெரும்பாலான மீனுங்களுக்கு வயித்துக்குள்ள காத்துப் பை ஒண்ணு இருக்கும், அத வச்சுத்தான் நீந்தாமலே தண்ணிக்கு நடுவுல நிக்குது. உளுவைக் குடும்பத்துல தரையோட வாழற நெறைய மீனுக்கு இந்தப் பை சிறுத்துப் போயிருக்கும், செலதுக்கு இல்லவே இல்ல. அது ஊனம் கெடையாது. ஓடற தண்ணியில அடியில ஒட்டி ஒக்காரணும்னா மிதக்காம இருக்கறதுதான் லாபம். கண்ணு ரெண்டும் தலைக்கு மேல, கிட்டக் கிட்ட. ஒடம்ப மணலுக்குள்ள பொதச்சிக்கிட்டு கண்ண மட்டும் வெளிய வச்சிருக்கும். பக்கவாட்டுல அஞ்சாறு கருப்புத் திட்டு, மேல பொடிப்பொடியா புள்ளி, அது ஆத்து மணலோட நெறத்துக்கு அப்படிப் பொருந்தும், முழங்கால் ஆழத் தண்ணியில காலுக்குப் பக்கத்துலயே இருந்தாலும் அது நகர்ற வரைக்கும் நமக்குத் தெரியாது. நகர்ந்தாலும் ஒரு மணல் புகைதான் தெரியும்.

இந்த மணல் விஷயத்த நம்ம பக்கத்து ஊர்க்காரங்க பேர்லயே வச்சிட்டாங்க. தெலுங்குல இதுக்கு இசுக தொந்து, இசுகன்னா மணல். வங்காளத்துல பேலே, அங்க பேலே மண்ணுன்னா மணல் கலந்த மண்ணு. சிங்களத்துல வெலிகொவ்வா, வெலின்னாலும் மணல்தான். ஒருத்தர ஒருத்தர் கேக்காமலே மூணு மொழிக்காரங்க ஒரே எடத்துல கை வச்சிருக்காங்க.

விரால், குரவைக் குஞ்சோட இத ஏமாந்து சேத்துடறவங்க உண்டு. முதுகப் பாருங்க. விராலுக்கு முதுகுல ஒரே நீளத் துடுப்பு, உளுவைக்கு ரெண்டு, முன்னாடி இருக்கறதுல ஆறு மெல்லிசு முள்ளு.

இன்னொண்ணு, இத ஒரு சின்ன லென்ஸ் வச்சுப் பாத்தப்போதான் எனக்குப் புரிஞ்சது. கெண்டை மாதிரி மீனுங்களுக்கு ஒடம்பு நடுவுல தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடும், தண்ணி அசையறத அது வழியாத்தான் உணரும். உளுவைக்கு ஒடம்புல அந்தக் கோடு கெடையாது. ஆனா கன்னத்துல பாத்தா ஊசியால குத்தி வச்ச மாதிரி வரிவரியா பொடிப் புள்ளி இருக்கும், கோலப் புள்ளி மாதிரி, ஒவ்வொண்ணும் தண்ணியோட அசைவத் தொட்டுப் பாக்கற ஒரு உணர்வு மொட்டு. இந்த வரி எப்படிப் போகுது, எங்க பிரியுதுங்கறத வச்சுத்தான் ஒரு உளுவை இனத்துக்கும் இன்னொரு உளுவை இனத்துக்கும் ஆராய்ச்சியாளருங்க வித்தியாசம் கண்டுபுடிக்கிறாங்க. ஒடம்ப மணலுக்குள்ள பொதச்சு வைக்கற மீனுக்கு ஒடம்புல அந்தக் கருவி இருந்து என்ன புண்ணியம், வெளிய இருக்கற மூஞ்சியில இருந்தாத்தான் உபயோகம், அப்படித்தான் நான் புரிஞ்சிக்கிறேன்.

சாப்பாடு எறா, சின்ன மீனு, பூச்சிப் புழு. தொரத்திப் புடிக்கற மீன் இல்ல இது. அசையாம கெடக்கும், கிட்ட வந்ததும் ஒரு பாய்ச்சல், அந்தப் பெரிய வாயத் தொறந்து தண்ணியோட சேத்து உறிஞ்சிடும், திரும்பவும் தரை. தன் இனத்துக் குஞ்சையே திங்கறதும் உண்டு. இத திங்க கொடுவா, விரால், கொக்கு, மீன்கொத்தி, தண்ணிப் பாம்புன்னு ஒரு பெரிய வரிசையே நிக்குது. நாம ஆயிரம் ரூபா கொடுத்து வாங்கற கொடுவாவோட ஒடம்புல எத்தன உளுவை இருக்கோ, அத யாரு கணக்குப் பாத்தா.

இப்ப உப்பு. எனக்கு இந்த மீன்ல ரொம்ப ஆச்சரியமான விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கெடிலமும் உப்பனாறும் கடலூர்ல கடலத் தொடற எடம், தென்பெண்ணை சேர்ற தாழங்குடா பக்கம், பரங்கிப்பேட்டையில வெள்ளாறு, புதுச்சேரியில அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, இங்க எல்லா எடத்துலயும் உளுவை இருக்கும். இந்த முகத்துவாரத்துத் தண்ணி ஒரே மாதிரி இருக்காது. ஐப்பசி கார்த்திகையில மழை வெள்ளம் எறங்கும்போது கிட்டத்தட்ட நல்ல தண்ணியா ஆயிடும். சித்திரை வைகாசியில ஆத்துல இருந்து ஒரு சொட்டு வராது, அப்ப முழுக்க கடல் தண்ணி, லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. மாசத்துக்கு மாசம்னு இல்ல, ஒரே நாள்ல கடல் தண்ணி ஏர்ற ஏத்தத்துக்கும் எறங்கற வத்தத்துக்கும் நடுவுல கூட மாறும். மீனோட ரத்தத்துல இருக்கற உப்பு கடல் தண்ணியில இருக்கறதுல சுமாரா மூணுல ஒரு பங்குதான். அப்ப என்ன ஆகும்?

மாங்காய நறுக்கி உப்புல போட்டு வச்சா மறுநாள் ஜாடியில தண்ணி நிக்கும், மாங்கா சுருங்கிப் போயிருக்கும். உப்பு உள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுத்துடுச்சு. கடல் தண்ணியில இருக்கற மீனுக்கு இதே கததான், ஒடம்புத் தண்ணி வெளிய போயிட்டே இருக்கும். அதனால அது தண்ணிய குடிச்சிக்கிட்டே இருக்கணும், குடிச்ச தண்ணியோட வந்த உப்ப செவுள்ல இருக்கற தனி செல்லுங்க வெளிய தள்ளணும். கொண்டக்கடலைய நல்ல தண்ணியில ஊறப்போட்டா காலையில ரெண்டு மடங்கா உப்பியிருக்கும், தண்ணி உள்ள போயிடுச்சு. நல்ல தண்ணியில இருக்கற மீனுக்கு அந்தக் கதி. அது தண்ணியே குடிக்கக் கூடாது, உள்ள வர்றத எல்லாம் மூத்திரமா கொட்டிக்கிட்டே இருக்கணும், செவுளு இப்ப தலைகீழா வேல செஞ்சு வெளிய இருக்கற கொஞ்சநஞ்ச உப்ப உள்ள இழுக்கணும். அதாவது ரெண்டு எடத்துக்கும் ரெண்டு வேற மெஷின் வேணும். வஞ்சிரத்தத் தூக்கி ஆத்துல விட்டா செத்துப் போகும், கெண்டையக் கடல்ல விட்டாலும் செத்துப் போகும். உளுவை அந்த மெஷினத் திருப்பிப் போட்டுக்கும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நாம திட்டறதுக்குச் சொல்லுவோம், இந்த மீனுக்கு அதுதான் பொழப்பு.

அதனாலதான் ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரையில இருந்து நம்ம ஊரு, தென்கிழக்கு ஆசியான்னு தாண்டி அது பரவியிருக்கு. 50 சென்டிமீட்டர் வரைக்கும் வளர்ந்த உளுவை பதிவுல இருக்கு, நம்மூர்ல ஒரு சாணுக்கு மேல பாத்தா அதுவே பெருசு. ஒரே பேர்ல பல இனம் கலந்து கெடக்குதோன்னு ஆராய்ச்சியாளருங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கு. ஆத்து வாய்ல மட்டும் இல்ல, கடலையே பாக்காம ஏரியிலயும் கொளத்துலயும் தலைமுறை தலைமுறையா வாழற உளுவையும் உண்டு. ஆனா ஆறும் கடலும் ரெண்டும் கெடைக்கற எடத்துல அதோட வாழ்க்கை ரெண்டையும் சேத்துத்தான் ஓடுது.

எப்படின்னா, முட்டையில இருந்து ஆரம்பிக்கணும். இந்தக் குடும்பத்துக்கே பொதுவான பழக்கம், முட்டைய தண்ணியில விட்டுட்டுப் போறது கெடையாது. கல்லுக்கு அடியில, சிப்பிக்குள்ள, மரத்துண்டு, ஓடு, எது கெடச்சாலும் அதோட கூரையில ஒட்டி வைக்கும், ஒவ்வொரு முட்டையும் நீளவாக்குல, ஒரு முனையில பசை நூல் மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்குல ஒட்டிட்டு பொட்ட மீன் போயிடும், காவல் காக்கறது ஆம்பள மீன். துடுப்பால விசிறிவிட்டு முட்டைக்கு புதுத் தண்ணி போயிட்டே இருக்கற மாதிரி பாத்துக்கும், வேற மீன் வந்தா வெரட்டும். பொரிச்சு வர்ற குஞ்சு சில மில்லிமீட்டர்தான், கண்ணாடி மாதிரி, இதுங்களுக்கு தரை ஒட்டத் தெரியாது, தண்ணி போற போக்குல மிதந்து கீழ எறங்கும். கொஞ்ச நாள் அப்படி மிதந்து வளர்ந்துட்டு, உருவம் வந்ததும் தரைக்கு எறங்கும், பொறவு ஆத்துப் பக்கம் மேல ஏறும். ஆக, உளுவை தன்னோட வாழ்க்கையில தரைய விட்டு மிதக்கறது அந்தக் குஞ்சுப் பருவத்துல மட்டும்தான்.

தரைய இன்னும் ஒரு படி மேல கொண்டு போன ஒறவுக்காரங்க இதுக்கு உண்டு. பிச்சாவரம் போனவங்க எல்லாரும் படகுல ஒக்காந்து சுரபுன்னை வேரப் பாத்துட்டு செல்ஃபி எடுத்துட்டு வந்துடுவாங்க. அடுத்த தடவ கிள்ளைப் பக்கமோ, புதுச்சேரி தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டு ஓரமோ, தண்ணி வத்துன நேரம் பாத்து சேத்துக் கரைய ஒரு பத்து நிமிஷம் அசையாம நின்னு பாருங்க. மொதல்ல ஒண்ணும் தெரியாது. அப்பறம் சேறு ரெண்டு எடத்துல கண்ணு முழிக்கும். அப்பறம் பத்து எடத்துல. மட்ஸ்கிப்பர்னு சொல்றாங்க, சேத்துல குதிக்கற உளுவைன்னு நான் சொல்லுவேன், இப்பத்திய வகைப்பாட்டுல பக்கத்து வீட்டுக் குடும்பமா பிரிச்சு வச்சிட்டாங்க ஆனா ஒறவு ஒறவுதான்.

ரெண்டு முன் துடுப்பையும் ஊனி ஊனி, கக்கத்துல கட்டை வச்சு நடக்கறவங்க மாதிரி போகும். ஒடம்புல நீலப் புள்ளி மின்னற ஒரு வகை இருக்கு, போலியோஃப்தால்மஸ் போடார்ட்டி, அது தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி ஆட்டி சேத்து மேல படிஞ்சிருக்கற கண்ணுக்குத் தெரியாத பாசிய வழிச்சுத் திங்கும், வீட்ல அம்மா தோசைக்கல்லத் தொடைக்கற அதே கை வீச்சு. சின்ன வகைங்க நண்டு, பூச்சி புடிச்சுத் திங்கும். செவுள் அறையில தண்ணிய நெரப்பிக்கிட்டு வெளிய வரும், தோல் வழியாவும் மூச்சு விடும், ஆனா தோல் ஈரமா இருந்தாத்தான் அது நடக்கும், அதனால அப்பப்ப ஒருக்களிச்சு சேத்துல ஒரு பொரளு பொரண்டுக்கும். கண்ணு சிமிட்டும், மீன்ல இது அபூர்வம். இமை இல்ல அதுக்கு, கண்ணையே உள்ள இழுத்துக்கும், கீழ இருந்து ஒரு சவ்வு ஏறி மூடும். நம்மள மாதிரியே கண்ண ஈரமா வச்சிக்க, தூசி எடுக்க, அடிபடாம காக்க, இந்த மூணுக்கும்தான் அது சிமிட்டுதுன்னு 2023ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு. ஆப்பிரிக்கா மட்ஸ்கிப்பர் ஒண்ணு வாய்ல தண்ணிய வச்சு, அந்தத் தண்ணிய நாக்கு மாதிரி வெளிய நீட்டி இரைய நனச்சு உள்ள இழுக்குதுன்னு 2015ல கண்டுபுடிச்சாங்க. நாக்கு இல்லாத எடத்துல தண்ணியே நாக்கு.

அது புள்ளை வளக்கறதச் சொன்னா நம்ப மாட்டீங்க. சேத்துக்குள்ள வளைஞ்ச வளை தோண்டி, கடைசில மேல் பக்கமா ஒரு அறை வச்சு, அதோட கூரையில முட்டைய ஒட்டும். ஆனா அந்தச் சேத்துக்குள்ள இருக்கற தண்ணியில ஆக்சிஜன் கிட்டத்தட்ட கெடையாது, முட்டை செத்துப் போகும். அதனால அப்பன் மீன் வெளிய வந்து வாய் நெறைய காத்த அடச்சிக்கிட்டு உள்ள போய் அந்த அறையில விடும், திரும்ப வரும், திரும்பப் போகும், வத்தம் இருக்கற நேரமெல்லாம் இதே வேல. முட்டை பொரிக்கற நாள் வந்ததும் ராத்திரி ஏத்தம் வர்ற நேரம் பாத்து அதே காத்த வாயால எடுத்து வெளிய கொண்டாந்து விட்டுடும், அறையில தண்ணி ஏறும், தண்ணி பட்டதும் முட்டை பொரியும். ஜப்பான் மட்ஸ்கிப்பர் ஒண்ணுல இத கேமரா வச்சுப் பாத்து 2007ல எழுதினாங்க. எனக்கு இத படிச்ச அன்னைக்கு தூக்கம் வரல.

வெளிநாட்டுக் கதைங்க இன்னும் ரெண்டு சொல்லிட்டு ஊருக்கு வந்துடறேன். நம்ம உளுவை மணல்ல ஒட்டி ஒக்காரற அதே வயித்துக் கிண்ணத்த வச்சு ஹவாய்த் தீவுல ஒரு கோபி செங்குத்தான அருவிப் பாறையில ஒட்டி ஒட்டி ஏறும், 135 மீட்டர் உயரத்து அக்காக்கா அருவிக்கு மேலயே அது வாழுது. ஆஸ்திரேலியாவோட பவளப்பாறையில ஈவியோட்டா சிகில்லாட்டான்னு ஒண்ணு, அதோட ஆயுசு அதிகபட்சம் 59 நாள், முதுகெலும்பு இருக்கற உயிருங்கள்ல இதுவரைக்கும் தெரிஞ்ச ரொம்பச் சின்ன ஆயுசு இதுதான். பிலிப்பைன்ஸ்ல பூஹி ஏரியில சினராபன்னு ஒண்ணேகால் சென்டிமீட்டர் கோபி, நாம கூனி எறா அள்ளற மாதிரி அள்ளி சமைக்கிறாங்க. எல்லா கோபியும் திங்கக்கூடியது இல்லங்கறதையும் சொல்லிடணும், பேத்தை மீன்ல இருக்கற அதே விஷம் இருக்கற கோபி ஒண்ணு இந்தியப் பெருங்கடல் பக்கமும் உண்டு, அதனால பழக்கமில்லாத மீன மீன்காரங்கள கேக்காம சட்டியில போடாதீங்க.

சரி, ஊரு.

உலக அளவுல உளுவைக்கு அழிவு ஆபத்து எதுவும் இல்ல, கவலைப்பட வேண்டாத பட்டியல்லதான் அது இருக்கு. அத வச்சு, எதையும் தாங்கற மீனு இது, எப்படியும் பொழச்சிக்கும்னு சொல்றவங்க இருக்காங்க. உப்பு விஷயத்துல சரி. வெயிலு, மழை, வெள்ளம், அதுவும் சரி, 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் 2015 வெள்ளத்துக்கும் அப்பறமும் சட்டியில உளுவை வந்துட்டுத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் தண்ணியில வர்ற மாத்தம். தரை மாறினா அதால தாங்க முடியாது, ஏன்னா அதோட கிட்ட தரைக்கு மாத்து எதுவும் கெடையாது.

மொத விஷயம் மணல். ஆத்துல மணல அள்ளிட்டா கீழ களிமண்ணு வந்துடும், இல்லன்னா ஆளு முழுகற பள்ளம் வந்துடும். தண்ணி அதே தண்ணிதான், மேல இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, பள்ளத்துல தண்ணி நிக்கறதால இன்னும் நெறைஞ்ச மாதிரி கூட இருக்கும். ஆனா பொதஞ்சிக்க மணல் இல்ல, முட்டை ஒட்ட கல்லு இல்ல. மணல் நெறத்துல இருக்கற மீன் கருப்புக் களி மேல ஒக்காந்தா கொக்குக்கு எலை போட்டு வச்ச மாதிரிதான்.

ரெண்டாவது, அடித்தண்ணியில மூச்சு. ஊர்ச் சாக்கடை, ஆலைக் கழிவு எது ஆத்துல வந்தாலும் அதுல இருக்கற அழுக்கு கடைசில அடியில போய்த்தான் படியும். அத பாக்டீரியா திங்கும்போது ஆக்சிஜனையும் சேத்துத் தின்னுடும். ஒரு கட்டத்துக்கு மேல சேறு கருத்துப் போய் அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மேல்தண்ணியில நீந்தற மடவை தப்பிச்சுப் போயிடும், நாமளும் மடவை துள்ளறதப் பாத்துட்டு ஆறு நல்லாத்தான் இருக்குன்னு போயிடுவோம். தரையில இருக்கறதுதான் மொதல்ல மூச்சு முட்டும். ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களும் தண்ணியில மெதந்துட்டு இருக்கறத விட பொடிச் சேத்தோட ஒட்டிக்கிட்டு அடியில தங்கறதுதான் அதிகம். ஆத்துத் தண்ணிய பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்ணி எல்லாம் அளவுக்குள்ள இருக்குன்னு சொன்னா, சேத்த டெஸ்ட் பண்ணீங்களான்னு திருப்பிக் கேக்கணும். ஆத்தோரமே ரசாயனத் தொழிற்சாலைங்க இருக்கற ஊரு நம்மளோடது, இந்தக் கேள்விய நாம எல்லாரும் கேட்டுப் பழகணும்.

எறால் கொளத்துக்காரங்களுக்கும் உளுவைக்கும் நேரடிப் பகை, அது அவங்க பக்கம் நியாயமானதுதான். வாய்க்கா தண்ணியோட குஞ்சா உள்ள பூந்து வளந்து எறால் குஞ்சத் தின்னுடும். அதுக்கு தேயிலை விதைப் புண்ணாக்கப் போடுவாங்க, அதுல இருக்கற சாப்போனின் மீனோட செவுள் வழியா ரத்தத்துல போய் சிவப்பணுவ உடைக்கும், எறாலுக்கு அந்த அளவுல ஒண்ணும் ஆகாது. கொளத்துக்குள்ள போடறது சரி, அந்தத் தண்ணிய வீரியம் போறதுக்கு முன்னாடியே வாய்க்காலுக்குத் தொறந்து விட்டா வெளிய இருக்கறதும் சேந்து சாகும். ஒரு வாரம் பொறுத்தா தானா வீரியம் கொறஞ்சிடும், அந்தப் பொறுமைதான் வேணும்.

மூணாவது, முகத்துவாரம். நம்ம கரையில மணல் மொத்தத்துல தெக்க இருந்து வடக்க நகர்ந்துட்டே இருக்கு. 1980கள் கடைசில புதுச்சேரியில துறைமுகத்துக்குக் கல்லு கொட்டுனப்போ தெக்குப் பக்கம் மணல் சேந்து வடக்குப் பக்கம் பீச்சே காணாமப் போச்சே, அதே மணல் ஓட்டம்தான். கோடையில ஆத்துல தண்ணி வேகம் இல்லன்னா அந்த மணல் வாய அடச்சிடும். மிதந்துட்டு இருக்கற குஞ்சு போகவும் முடியாம வரவும் முடியாம மாட்டிக்கும். மேல வெள்ளாத்துல இருக்கற சேத்தியாத்தோப்பு மாதிரி அணைக்கட்டு, கீழ அடச்ச வாய், நடுவுல கெடைக்கற தண்ணி. மழைக்கு வெட்டிவிடறதோ வெள்ளம் உடைக்கறதோ நடக்கற வரைக்கும் அது ஒரு குட்டைதான்.

போன வாரம் சட்டி தீர்ந்தப்பறம் அந்த அக்காகிட்ட கொஞ்ச நேரம் ஒக்காந்து பேசினேன். அவங்க பறின்னு சொல்ற மீன் போடற கூடைய பல்லுல கடிச்சிக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில உக்காந்த வாக்குல நகர்ந்துக்கிட்டே ரெண்டு கையாலயும் தரையத் தடவுவாங்க, எறாலுக்குத்தான் தடவறது, உளுவை கூட வர்றது. கண்ணால பாத்துப் புடிக்கறது கெடையாது, தண்ணி கலங்கல்ல என்ன தெரியும், எல்லாம் வெரல்தான்.

"உளுவைன்னு எப்படிக்கா தெரியும்?"

"எறா கை பட்டா பின்னால தெறிக்கும். உளுவ தெறிக்காது தம்பி, கை பட்டா இன்னும் அமுங்கும். மணலோட மணலா அமுங்கும். நீ மணலோட சேத்து அள்ளணும், தலைப் பக்கமா."

அப்பறம் சட்டியக் கழுவிக்கிட்டே அவங்களா சொன்னாங்க, முன்ன பாலத்துக்கிட்ட எறங்குனாலே கை நெறைய மணல் வரும், இப்ப அங்க கை வச்சா வழுவழுன்னு கருப்புக் களிதான், கைய மோந்து பாத்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. அதனால இப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி முகத்துவாரம் வரைக்கும் நடக்கறாங்க, அங்கதான் கடல் இன்னும் மணலக் கொண்டாந்து போடுதாம்.